இயந்திரத்தையும் பெட்டியையும் இணைக்கும் ஆணி

உழவு இயந்திரம் ஒன்றை வாங்கப் போகின்றவர் அதன் குதிரைவலுவைக் கேட்கின்றார். ரயர்களைத் தட்டிப் பார்க்கின்றார். எண்ணெய்ச் செலவை விசாரிக்கின்றார். பெட்டி ஒன்றைச் செய்விக்கப் போகின்றவரோ எத்தனை மூட்டை ஏறும் என்று கேட்கின்றார். பலகையின் தடிப்பையும் அச்சின் பருமனையும் ஆராய்கின்றார். ஆனால் இந்த இயந்திரத்துக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவில் நின்று, இரண்டின் பாரத்துக்கும் வேகத்துக்கும் ஈடுகொடுக்கப் போகும் ஒரு சாண் நீள இரும்பைப் பற்றி எவரும் அதிகம் விசாரிப்பதில்லை. அது கம்மாலையின் மூலையிலிருந்து எடுத்துக் கொடுக்கப்படுகின்றது. சில வேளைகளில் அதற்கு விலைகூடச் சொல்லப்படுவதில்லை.

நேயர்களே, இன்றைய பேச்சு அந்த இரும்பைப் பற்றியது. கம்மாலைகளில் ‘பின்’ என்று வழங்கும் அந்த இணைப்பாணி, அது ஊடுருவிச் செல்லும் வளையம், வளையத்தை ஏற்றுக்கொள்ளும் கவை, இவை மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தினவா என்று பார்ப்பது எப்படி என்பதே நாம் ஆராயப் புகும் விஷயம். இதைச் சிறிய விஷயம் என்று எண்ணிவிட வேண்டாம். அறுவடை நாட்களில் நெல் மூட்டைகளின் மேல் ஐந்தாறு பேர் அமர்ந்து வருவதை நாம் தினந்தோறும் காண்கின்றோம். அவ்வளவு பேரும் தம்மை அறியாமலே நம்பியிருப்பது அந்த ஆணியைத்தான்.

கல்முனையிலிருந்து மேற்கே சென்று, கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தால் சவளக்கடை. அதற்கப்பால் அன்னமலை, நாவிதன்வெளி, மத்தியமுகாம் என்று வயலும் ஊருமாகப் பாதை நீண்டு செல்கின்றது. 1949ஆம் ஆண்டிலே கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டு, பெருங்குளமும் வாய்க்கால்களும் அமைந்த பின்னர், இப்பகுதியின் வேளாண்மை பன்மடங்கு விரிந்தது. ஆனால் வயல் மேற்கே இருக்க, வயலுக்குரியவர் பலரின் வீடு கிழக்கே கடலோரத்தில் இருக்கின்றது. ஆகவே விதைநெல், உரம், எண்ணெய், அறுவடையான நெல், வைக்கோல், வேலையாட்கள் யாவும் இந்தப் பாதையால்தான் போய்வர வேண்டும். பெரும்பாலும் உழவு இயந்திரப் பெட்டியில்தான் போய்வருகின்றன. வட்டையின் சேற்றுப் பாதை, வாய்க்கால் கட்டு, குண்டும் குழியுமான கிரவல் வீதி, தார் வீதி, தாம்போதி என ஐந்து வகை நிலத்தை ஒரே பெட்டி ஒரே நாளில் கடக்கின்றது. இணைப்பைச் சோதிப்பதற்கு இதைவிடக் கடுமையான பாதையை எந்தப் பொறியியலாளரும் வகுத்திருக்க மாட்டார்.

மாட்டு வண்டிக் காலத்தில் இந்தக் கேள்வி எழவில்லை. நுகத்தடியை ஏர்க்காலோடு கயிற்றினால் கட்டினார்கள். கயிறு எப்பக்கமும் வளைந்து கொடுக்கும். வண்டியின் வேகமும் மாட்டின் நடைவேகந்தான். இறக்கத்தில் வண்டி பின்னாலிருந்து தள்ளினால் மாடு அதைக் கழுத்தில் உணர்ந்து, காலை ஊன்றித் தானாகவே தடுத்துக்கொள்ளும். இயந்திரத்துக்குக் கழுத்துமில்லை, உணர்வுமில்லை.

இயந்திரங்களை ஆக்கியவர்கள் இதை அறியாதவர்களல்லர். பிரித்தானியாவில் 1946ஆம் ஆண்டு முதல் 1956ஆம் ஆண்டு வரை உற்பத்தியான பெர்கூசன் டி.ஈ.20 என்னும் உழவு இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கென்றே வகுக்கப்பட்ட பெட்டி ஒன்றும் கூடவே விற்பனைக்கு வந்தது. பெட்டியின் முன்சட்டத்தில் ஒரு வளையம். இயந்திரத்தின் பின்புறத்தில், தாழ்வாக, எண்ணெய் அமுக்கத்தால் உயர்ந்து தாழும் ஒரு கொளுக்கி. சாரதி ஆசனத்தை விட்டு இறங்காமலே பின்னோக்கி வந்து, கொளுக்கியை உயர்த்தி வளையத்தைக் கவ்விக்கொள்வார். பெட்டியின் அச்சையும் சற்றுப் பின்னால் தள்ளி அமைத்திருந்தார்கள். அதனால் சுமையின் ஒரு பங்கு இயந்திரத்தின் பின்சில்லுகள் மேல் விழுந்து, சேற்றிலே சில்லு வழுக்காமல் பிடித்துக்கொள்ள உதவியது. இயந்திரம், கொளுக்கி, வளையம், பெட்டி நான்கும் ஒரே சிந்தனையிற் பிறந்தவை.

நம்மிடத்தில் நிலைமை வேறு. இயந்திரம் ஒரு நாட்டில் வார்க்கப்பட்டது. பெட்டி நம் ஊர்க் கம்மாலையில் செய்யப்பட்டது. அச்சு, உடைந்து கழித்த லொறியொன்றிலிருந்து கழற்றியது. ஆணி எங்கிருந்து வந்தது என்று எவருக்கும் தெரியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கிடைத்த இரும்பைக் கொண்டு முப்பது நாற்பது ஆண்டுகள் உழைக்கும் பெட்டியைச் செய்து கொடுக்கும் நம் கம்மியர்களின் திறமை சாதாரணமானதன்று. ஆனால் நான்கு இடங்களில் பிறந்த நான்கு பொருள்களைப் பொருத்திப் பார்க்கும் பொறுப்பு, தொழிற்சாலைக்காரரின் கையை விட்டு உடைமைக்காரரின் கைக்கு வந்துவிட்டது. அதைத்தான் பலர் உணர்வதில்லை.

பொருத்தம் என்றவுடன் துவாரமும் ஆணியும் ஒரே அளவாக இருப்பதையே நாம் நினைக்கின்றோம். அதற்கு முன்னரே பார்க்க வேண்டியது அசைவு. பெட்டி இயந்திரத்தின் பின்னால் மூன்று விதமாக அசைய வேண்டும். வளைவில் திரும்பும்போது இடமும் வலமுமாக. வாய்க்கால் கட்டில் ஏறி இறங்கும்போது மேலும் கீழுமாக. ஒரு சில்லு மட்டும் வரம்பில் ஏறும்போது ஒருபக்கம் சரிந்து முறுகலாக. நிமிர்ந்து நிற்கும் ஆணி முதலாவது அசைவை மாத்திரமே தாராளமாக அனுமதிக்கும். மற்ற இரண்டும் வளையத்துக்கும் கவைக்கும் இடையிலுள்ள இடைவெளியால் ஓரளவு நடைபெறும். மூன்றாவதான முறுகலுக்கு வழியில்லாமல் வளையத்தை முன்சட்டத்தோடு அசையாதபடி ஒட்டிவிட்டால், பெட்டியின் ஒரு சில்லு வரம்பில் ஏறுந்தோறும் அந்த முறுக்கு முழுவதும் ஆணியையும் ஒட்டுவேலையையும் தாக்கும். அதிலும் மோசமாக, பெட்டி புரண்டால் இயந்திரத்தையும் சேர்த்துப் புரட்டும். ஆகவே வளையத்தின் தண்டு தன்னச்சில் சுழலும்படி அமைந்த பெட்டியே மேலானது. புதிதாகப் பெட்டி செய்விப்பவர் கம்மியரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே.

இனி அளவு. ஆணி 25 மில்லிமீற்றர், வளையத்தின் துவாரம் 40 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து வேலை செய்யும், பெட்டியும் ஓடும். ஆனால் நடுவில் 15 மில்லிமீற்றர் வெறுமை இருக்கின்றது. இயந்திரம் புறப்படுந்தோறும், கியர் மாற்றுந்தோறும், பிரேக்கை அழுத்துந்தோறும், பல தொன் பாரமுள்ள பெட்டி அந்த இடைவெளியைக் கடந்து வந்து ஆணியின் மேல் சம்மட்டியால் அடிப்பதுபோல அடிக்கின்றது. கிரவல் வீதியில் வெறும் பெட்டி வரும்போது ‘கடக் கடக்’ என்று கேட்கும் ஓசை அதுதான். அந்த ஓசைக்கு நம் காது பழகிவிட்டது. துவாரம் ஆணியைவிட ஓரிரு மில்லிமீற்றர் மாத்திரம் பெரிதாக இருப்பது போதும். துவாரம் தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டால், அதற்கேற்ற பருத்த ஆணியைத் தேடுவது சரியன்று. துவாரத்துக்குள் புதிய உருளையொன்றை இறுக்கிப் பொருத்துவதே முறை.

துவாரத்தைவிட அதிகமாகக் கவனியாமல் விடப்படுவது கவையின் அகலம். கவையின் மேல்தகட்டுக்கும் கீழ்த்தகட்டுக்கும் இடையே 75 மில்லிமீற்றர் இருந்து, நடுவில் வரும் வளையத்தின் தடிப்பு 25 மில்லிமீற்றராக இருக்குமானால், ஆணி இரண்டு முனையும் தாங்கப்பட்டு நடுவில் இழுக்கப்படும் ஒரு கம்பாகிவிடுகின்றது. அது வெட்டுப்படுவதற்கு முன்னரே வளையத் தொடங்கும். ஆணி வெட்டுப்படாமல் நிற்கும் வலிமை அதன் விட்டத்தின் இருபடியாக வளர்கின்றது; வளையாமல் நிற்கும் வலிமையோ முப்படியாக வளர்கின்றது. விட்டம் இருமடங்கானால் முன்னது நான்கு மடங்கு, பின்னது எட்டு மடங்கு. இதையே மறுபக்கமாகப் பாருங்கள்: ஆணி தன் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்துவிட்டால், வெட்டை எதிர்க்கும் வலிமையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கும், வளைவை எதிர்க்கும் வலிமையில் நான்கில் ஒரு பங்குக்கு மேலும் போய்விடுகின்றது. கண்ணுக்குச் சற்று மெலிந்ததுபோலத் தோன்றும் ஆணி கணக்கில் மிகவும் மெலிந்தது. அகன்ற கவையில் மெல்லிய வளையத்தைப் பூட்ட நேர்ந்தால், இடையிலே தடித்த வாசர்களை இட்டு வெறுமையைக் குறைத்துக்கொள்ளலாம். வளையம் அசைய இடம் விட்டே இதைச் செய்ய வேண்டும்.

‘இது போதும் காக்கா, இரும்புதானே’ என்று கம்மாலைப் பையன் எடுத்து நீட்டும் பொருள் பெரும்பாலும் ஒரு போல்டாக இருக்கும். போல்ட் ஆணியன்று. அதன் தலையில் 4.6 அல்லது 8.8 என்று பொறித்திருப்பதைக் காணலாம். முதலாவது இலக்கத்தை நூறால் பெருக்கினால், ஒரு சதுர மில்லிமீற்றர் இரும்பு அறுவதற்கு முன் தாங்கும் இழுவிசை நியூற்றன் கணக்கில் கிடைக்கும். ஆகவே 8.8 என்பது 4.6 இனைவிட இருமடங்கு வலியது. எதுவும் பொறிக்கப்படாத போல்டை வலிமையற்றது என்றே கொள்ள வேண்டும். இன்னொன்று, போல்டின் புரி. 16 மில்லிமீற்றர் போல்டின் வழவழப்பான தண்டில் 201 சதுர மில்லிமீற்றர் இரும்பு இருக்கின்றது. புரி வெட்டிய பகுதியில் கணக்குக்கு வருவது 157 மாத்திரமே. புரிப்பகுதி வெட்டு விழும் இடத்தில் அமைந்துவிட்டால் வலிமை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவதோடு, புரியின் ஒவ்வொரு பள்ளமும் வெடிப்புத் தொடங்குவதற்குரிய இடமாகவும் ஆகிவிடுகின்றது. 16 மில்லிமீற்றர் போல்டுக்குப் பதிலாக 25 மில்லிமீற்றர் ஆணியைப் போட்டால் இரும்பின் பரப்பு ஏறத்தாழ இரண்டரை மடங்காகின்றது. விலையோ ஒரு மூட்டை நெல்லின் விலைக்கு அருகிலும் வராது.

கொங்கிறீட் கம்பியை வெட்டி ஆணியாக இடுவதும் உண்டு. அதன் வரிகள் துவாரத்தை அராவும், விட்டமும் பொருந்தாது. மிகக் கடினமான இரும்பாக இருந்தால் நல்லதென்று லொறி வில்லுத் தகட்டிலிருந்து அடித்தெடுத்த ஆணியைத் தேடுவோரும் இருக்கின்றனர். மென்மையான இரும்பு உடைவதற்கு முன் வளைந்து காட்டும். சரியாகப் பதப்படுத்தப்படாத கடின இரும்பு ஒரு சொல்லும் சொல்லாமல் இரண்டாக முறியும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றினால் துருவும் சேர்ந்துகொள்கின்றது. துருப்பிடித்த குழி ஒவ்வொன்றும் போல்டின் புரிப்பள்ளத்தைப் போன்றதே.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். ‘பத்து ஆண்டுகளாக இதே ஆணியைத்தான் போடுகிறேன், ஒன்றும் நடக்கவில்லையே’ என்பார்கள். உண்மைதான். மட்டமான தார் வீதியில், சுமையோடு 4 தொன் நிறையுள்ள பெட்டியை ஒரே வேகத்தில் இழுத்துச் செல்வதற்கு அதன் நிறையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு விசை போதும். அதாவது 80 முதல் 120 கிலோ வரை. எந்த ஆணியும் அதைத் தாங்கும். சேற்று வயலில் இது பல மடங்காகும். ஆனால் ஆணியை முறிப்பது இந்த இழுவையன்று, அதிர்ச்சி. குழியில் சில்லு விழுந்து எழும்பும் கணத்திலும், தாம்போதியில் எதிரே வாகனம் வரக் கண்டு திடீரென நிறுத்தும் கணத்திலும் எழும் விசை. அதுவும் ஒரே நாளில் முறித்துவிடுவதில்லை. கம்பியை மடித்து மடித்து நிமிர்த்தினால் இற்றுப் போவதுபோல, ஆயிரக்கணக்கான சிறு அடிகளால் உள்ளே வெடிப்பு வளர்ந்து, பத்து ஆண்டுகள் ஒன்றும் நடவாமல் இருந்து, பதினோராவது ஆண்டில், பாரம் அதிகமில்லாத ஒரு நாளில்கூட முறியும்.

இவ்வதிர்ச்சியைக் கருத்திற்கொண்டு பொறியியலாளர்கள் ஓர் அளவுகோலை வைத்திருக்கின்றார்கள். இழுக்கும் வண்டியின் நிறையையும் இழுபடும் வண்டியின் முழு நிறையையும் பெருக்கி, அவ்விரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது. 2 தொன் இயந்திரம், சுமையோடு 4 தொன் பெட்டி என்றால், எட்டை ஆறால் வகுக்க 1.33 தொன். இணைப்பின் ஒவ்வோர் உறுப்பும் குறைந்தபட்சம் அந்த அளவுக்குத் தரப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். உற்பத்தியாளர் பொறிக்கும் தரவிலக்கம் இதைப் புவியீர்ப்பு எண்ணால் பெருக்கிக் கிலோநியூற்றனில் சொல்லும். நமது உதாரணத்தில் அது 13 ஆகும். வளையம் 20க்கு உரியதாக இருந்து கவை 10க்கு உரியதாக இருந்தால், அந்த இணைப்பின் தரம் 10 மாத்திரமே.

வெளிநாட்டிலே, குறிப்பாக அமெரிக்காவிலும் கனடாவிலும், படுக்கையும் அடுப்பும் உள்ள பெரிய மோட்டார் வீடுகளில் குடும்பத்தோடு பயணம் போகின்றவர்கள், போன இடத்தில் ஓடித்திரிவதற்காகச் சிறிய கார் ஒன்றைப் பின்னால் கட்டி இழுத்துச் செல்கின்றார்கள். நம் உறவினர்கள் பலர் அந்நாடுகளில் வாழ்வதால் இது நமக்கும் முற்றிலும் அந்நியமான காட்சியன்று. அங்கே காரின் முன்புறத்தில், அந்தக் காரின் வகைக்கென்றே செய்த ஓர் அடித்தகட்டைப் பொருத்துகின்றார்கள். அதிலிருந்து முக்கோண வடிவான இழுவைச் சட்டம் மோட்டார் வீட்டின் பின்னாலுள்ள சதுரக் குழாய்க்குச் செல்கின்றது. அடித்தகடு ஒரு கம்பனி, சட்டம் வேறொரு கம்பனி என்றால் நடுவே அதற்குரிய இணைப்புத் துண்டு வேண்டும். கையில் அகப்பட்ட ஆணியைக் கொண்டு ஒப்பேற்றக் கூடாது. சட்டம் ஏறத்தாழ மட்டமாக நிற்க வேண்டும். இரு முனைகளின் உயரமும் நான்கு அங்குலத்துக்கு மேல் வேறுபடக் கூடாது என்பது அங்கு வழங்கும் விதி. வேறுபட்டால், பிரேக் அழுத்தும்போது கார் மோட்டார் வீட்டின் அடியிற் புக முயலும், அல்லது மேலே ஏற முயலும். காரின் கியர்ப்பெட்டியும் ஒரு விஷயம். தானியங்கிக் கியர்ப்பெட்டி பலவற்றில் எஞ்சின் ஓடினால்தான் உள்ளே எண்ணெய் சுற்றும். எஞ்சினை நிறுத்தி, நான்கு சில்லும் நிலத்தில் உருள இழுத்துச் சென்றால் கியர்ப்பெட்டி வெந்துபோகும். பழுதான காரையோ வானையோ கயிறு கட்டி இழுத்து வரும் நம் வழக்கத்துக்கும் இது பொருந்தும் என்பதைச் சாரதிகள் மனத்திற் கொள்ளுதல் நன்று.

காருக்குப் பின்னால் சிறு பெட்டி கட்டுவோர் உருண்டைக் குமிழை உபயோகிக்கின்றனர். குமிழ் மூன்று அசைவுக்கும் இடம்தரும் அருமையான அமைப்பு. ஆனால் உலகில் ஒரே அளவுக் குமிழ் இல்லை. ஐரோப்பிய முறையில் 50 மில்லிமீற்றர். அமெரிக்க முறையில் ஒன்றே முக்கால் அங்குலத்துக்கும் சற்று மேலான 47.6 மில்லிமீற்றரும், இரண்டு அங்குலமான 50.8 மில்லிமீற்றரும் உண்டு. 50 மில்லிமீற்றர்க் குழி 50.8 மில்லிமீற்றர்க் குமிழின் மேல் சரியாக அமராது. அமராததை நாம் கண்டுகொள்வோம். 50.8 மில்லிமீற்றர்க் குழி 47.6 மில்லிமீற்றர்க் குமிழின் மேல் இலகுவாக அமர்ந்துவிடும், பூட்டும் பூட்டிக்கொள்ளும், முதற் பெருங்குழியில் துள்ளிக் கழன்றுவிடும். இவ்விரண்டில் எது அபாயமானது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மீண்டும் வட்டைக்கு வருவோம். உயரம் பற்றிச் சொன்னது உழவு இயந்திரத்துக்கு இன்னும் கடுமையாகப் பொருந்தும். சுமை ஏற்றிய பின் பெட்டியின் முன்சட்டம் மட்டமாக நிற்க வேண்டும். முன்முனை உயர்ந்து நின்றால் சுமை பின்னோக்கிச் சாய்ந்து இயந்திரத்தின் பின்புறத்தைத் தூக்கும், சில்லுகள் பிடியிழக்கும். மிகவும் தாழ்ந்து பாரம் முழுவதும் முன்னால் விழுந்தால் இயந்திரத்தின் முன்சில்லுகள் இலேசாகிச் சுக்கான் பேச்சுக் கேளாது. மொத்த நிறையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சில்லுகள் மேல் இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. உயரம் போதவில்லை என்பதற்காக, கலப்பைக்குரிய மேற்கை பூட்டும் இடத்தில் பெட்டியைப் பூட்டுவது ஒருபோதும் ஆகாது. பின்னச்சின் உயரத்துக்கு மேலே இழுவை விழுமானால், சேற்றில் பெட்டி புதைந்து நிற்கும் வேளையில் இயந்திரம் தன் பின்சில்லைச் சுற்றித் தானே பின்னோக்கிப் புரளும். தொடங்கி இரண்டு விநாடிக்குள் முடிந்துவிடும். சாரதி குதிக்க நினைப்பதற்குக்கூட நேரமிராது. கீழ்க்கைகள் இரண்டுக்கும் குறுக்கே போடும் துவாரச் சட்டத்தில் பூட்டுவோர், அது மேலெழும்பாதபடி தாங்குகம்பிகளையும் பூட்ட வேண்டும்.

‘லேண்ட்மாஸ்டர்’ என்று நாம் அழைக்கும் இரு சில்லு இயந்திரத்துக்குத் தனி எச்சரிக்கை தேவை. அதன் சாரதி இயந்திரத்தில் அமர்ந்திருப்பதில்லை. பெட்டியின் முன்புறத்தில் அமர்ந்து, நீண்ட கைப்பிடிகளைப் பற்றியிருக்கின்றார். ஆகவே ஆணி கழன்றால் இயந்திரம் ஒரு பக்கம், சாரதியும் பெட்டியும் இன்னொரு பக்கம். பெட்டியின் முன்முனை நிலத்திற் குத்த, அவர் முன்னே தூக்கி எறியப்படுவார். இயந்திரத்தின் இணைப்புப் பெட்டி உற்பத்திக்கு உற்பத்தி அகலத்தில் வேறுபடுகின்றது. அயலவரின் பெட்டியை இரவல் வாங்கி ஒரு நடைக்குப் பூட்டுவோர் அதைப் பார்த்தே பூட்ட வேண்டும். இன்னொரு விந்தையும் உண்டு. மட்டமான நிலத்தில் இடப்பக்கப் பிடியை அழுத்தினால், இடச்சில்லுக்கு விசை நின்று இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில், பெட்டி பின்னாலிருந்து தள்ளும்போது அதே பிடியை அழுத்தினால், விடுபட்ட இடச்சில்லு வேகமாக உருள, இயந்திரம் வலப்பக்கம் திரும்பும். பழகிய சாரதிகள் அறிந்த விஷயம். பள்ளிக்கூடப் பையனிடம் கைப்பிடியைக் கொடுப்பவர்கள் அவனுக்கும் இதைச் சொல்லிவைப்பது நல்லது.

ஆணியை எப்போதும் மேலிருந்து கீழாகவே இறக்க வேண்டும். அதன் சொந்தப் பாரமே அதைத் தங்கவைக்கும். கீழ்முனையில் உருக்கு வளையப் பூட்டூசி போட வேண்டும். தென்னங்கயிறும் வேலிக் கம்பியும் அந்த வேலைக்கு உரியவையல்ல. இவற்றோடு, ஆணியைச் சாராமல், பெட்டியின் சட்டத்திலிருந்து இயந்திரத்தின் உடலுக்கு ஒரு சங்கிலி செல்ல வேண்டும். அது பெட்டியின் முழு நிறையையும் தாங்கவல்லதாக, வளைவில் திரும்புவதற்குப் போதிய நீளமே உள்ளதாக, நிலத்தில் இழுபடாததாக இருக்க வேண்டும். சங்கிலியையும் அதே ஆணியிற் கோத்துவிடுவது வீண் வேலை.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2024ஆம் ஆண்டு நவம்பர் 26ஆந் திகதி, காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையிலான வீதியை மூடிப் பாய்ந்த வெள்ளத்தில், மதரசா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரமும் பெட்டியும் அடித்துச் செல்லப்பட்டு, சிறுவர்கள் பலர் உயிரிழந்ததை நம் பகுதியில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அது ஆணியின் குற்றமன்று, நீரின் வலிமை. ஆயினும் பெட்டியும் இயந்திரமும் வெள்ளத்தில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பது நாம் பேசும் விஷயத்தோடு சேர்ந்ததே. விநாடிக்கு 2 மீற்றர் வேகத்தில் ஓடும் நீர், குறுக்கே நிற்கும் ஒவ்வொரு சதுர மீற்றர்ப் பரப்பையும் ஏறக்குறைய 200 கிலோ விசையோடு தள்ளுகின்றது. நீரின் வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்கு. 12 அடி நீளமும் 6 அடி அகலமுமுள்ள பெட்டியின் தளத்துக்கு மேலே நீர் ஏறினால், பெட்டிக்குள் நீர் புகாதவரை, ஏறும் ஒவ்வோர் அடி நீரும் அதை ஏறக்குறைய 2 தொன் விசையோடு மேலே தூக்கும். தூக்கப்பட்ட பெட்டிக்கு வீதியில் பிடியில்லை. அது பக்கவாட்டிற் செல்லும்போது, வலிய ஆணியும் வலிய சங்கிலியும் இயந்திரத்தையும் சேர்த்தே இழுத்துச் செல்லும். உழவு இயந்திரம் உயரமானது, பாரமானது, ஆகையால் கிட்டங்கியில் வெள்ளம் பாயும்போது மற்ற வாகனங்கள் போகாவிட்டாலும் அது போகும் என்று எண்ணுவது பெட்டி பூட்டாத இயந்திரத்துக்கே முழுவதும் உண்மையன்று. பெட்டி பூட்டிய இயந்திரத்துக்கு ஒரு சிறிதும் உண்மையன்று. வீதியின் ஓரம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீர் மூடிவிட்டால், உர மூட்டை நனைந்தாலும் சரி, ஒரு நாள் தாமதித்தாலும் சரி, இக்கரையிலேயே நிற்க வேண்டும்.

இனி, கடைக்குப் போவோம். புதிய ஆணி வாங்கப் போகுமுன் மூன்று அளவுகளைத் துண்டுக் கடதாசியில் எழுதிக்கொள்ளுங்கள்: வளையத் துவாரத்தின் விட்டம், வளையத்தின் தடிப்பு, கவையின் இரு தகடுகளுக்கும் இடையிலுள்ள தூரம். துவாரத்தை ஒரு திசையில் மாத்திரம் அளக்க வேண்டாம். நெடுக்கும் குறுக்குமாக அளந்தால் தேய்வு தெரியும். முன்சட்டத்தில் ஒட்டுவேலை செய்த இடங்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துடைத்துப் பாருங்கள். வர்ணத்தில் மயிர்போன்ற ஒரு கோடும் அதன் ஓரத்தில் செந்துருவும் தெரிந்தால், அது வெறும் வர்ண வெடிப்பன்று. அதன்மேலே இன்னுமொரு தகட்டை ஒட்டி மறைக்காமல், வெடிப்பு முழுவதையும் அராவி எடுத்துவிட்டு மறுபடி ஒட்டச் சொல்லுங்கள். வாங்கும் ஆணி தலையோடு ஒரே துண்டாக இருக்கட்டும். பூட்டூசி இரண்டாக வாங்குங்கள், ஒன்று சேற்றில் விழுந்து மறைவது நிச்சயம். பழைய ஆணியைக் கடையிலேயே பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டு வாருங்கள். வீட்டுக்குக் கொண்டு வந்தால், அவசரமான ஓர் அறுவடை நாளில் யாராவது ஒருவர் அதையே எடுத்துப் பூட்டிவிடுவார்.